குத்துமட்டையிலிருந்து தொடங்குங்கள்: கைவேலைப் பக்கம், வாசகர் கேள்வி பதில்

திண்டில் ஊசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கையால் பின்னும் லேஸ்தான் பீரலு ரேந்தை. அதைப் பற்றிப் போன இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றியதுதான். படிக்க விரும்புகிறவர்களை விடப் படிப்பிக்க விரும்புகிறவர்கள் கூட எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய சந்தோசம். கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் வகுப்பு வைத்த ஆண்டுகளில், வகுப்பு நடந்த நேரத்தை விட அதற்கு ஆயத்தப்படுத்திய நேரமே எப்போதும் கூடுதலாக இருந்தது. அந்த வேலையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்களா என்று நினைத்ததுண்டு. இந்த மாதம் கேட்டுவிட்டீர்கள்.

டீச்சர், நான் தென்மாகாணத்தில் ஒரு உறவினர் வீட்டில் தங்கி பீரலு பழகி வந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் எட்டுப் பிள்ளைகள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிழமைக்கு ஒரு நாள் சொல்லிக் கொடுக்க ஆசை. முதல் வகுப்புக்கு முன் நான் என்னென்ன செய்து வைக்க வேண்டும்? கையில் அதிகம் காசு இல்லை.
— வாசகி, அக்கரைப்பற்று

தங்கச்சி, முதலில் நூலையும் கட்டையையும் மறந்துவிட்டு ஒரு முடிவு எடுங்கள்: முதல் நாள் பிள்ளைகள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் போகிறார்கள்? பூ, வலை, சிலந்தி போன்ற கோலங்கள் எல்லாம் பிறகு. முதல் நாளுக்கு ஒரு நாடாத் துண்டு போதும். புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைக்கலாம், உம்மாவுக்குக் காட்டலாம். ஒரே நாளில் முடியாது, ஆனால் நாலு விரல்கடை நீளமாவது வளர்ந்திருக்கும்.

அந்த நாடாவுக்கு ஏழு சோடி கட்டை போதும். ஒரே நூலின் இரண்டு தலைப்பையும் சுற்றிய இரண்டு கட்டைதான் ஒரு சோடி. ஆறு சோடி நேராகக் கீழே இறங்கும், ஒரு சோடி மட்டும் இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடும். இறங்குகிறவற்றை நான் நிற்கும் சோடி என்பேன், ஓடுவதை ஓடும் சோடி என்பேன். கையில் எப்போதும் இருப்பது நாலு கட்டைதான். நடு இரண்டில் இடப்பக்கத்துக் கட்டையை வலப்பக்கத்துக் கட்டைக்கு மேலாகப் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு சோடியிலும் வலக்கட்டையை இடக்கட்டைக்கு மேலாகப் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்றால் துணிபோல நெருக்கமான பின்னல் வரும். குறுக்கு, முறுக்கு என்பதோடு நிறுத்தினால் வலைபோல வரும். பிள்ளைகள் இதைப் பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே போடட்டும். நாக்குச் சொன்னால் கை பின்னால் வரும், நான் கண்ணால் பார்த்தது.

இனி குத்துமட்டை. ஊசி குத்தவேண்டிய இடங்களைத் துளையிட்டுக் காட்டும் மட்டையைத்தான் சொல்கிறேன். சதுரக் கோட்டுக் கடதாசியில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு நேர்கோடு கீறுங்கள். இடக்கோட்டில் 5 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி வையுங்கள். வலக்கோட்டிலும் அதே 5 மில்லிமீற்றர்தான், ஆனால் முதல் புள்ளியை இரண்டரை மில்லிமீற்றர் இறக்கித் தொடங்குங்கள். இங்கேதான் புதிதாகப் படிப்பிக்கிறவர்கள் தவறுகிறார்கள். இரண்டு பக்கப் புள்ளியையும் நேருக்கு நேர் வைத்துவிட்டால் ஓடும் சோடி ஒரு வரி தட்டையாகவும் மறு வரி சரிவாகவும் போகும், நாடா நெளியும். ஓடும் சோடி இடமிருந்து வலம் போகும்போதே கொஞ்சம் கீழே இறங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த இரண்டரை மில்லிமீற்றர் எதற்கு என்று விளங்கும். ஊசிக்குப் போகும் முன் ஓடும் சோடிக்கு ஒரு முறுக்குக் கூடுதலாகக் கொடுங்கள், விளிம்பு வடிவாக நிற்கும்.

நீளம் 20 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். கடதாசியைப் பிறிஸ்டல் மட்டையில் ஒட்டி, மட்டையைப் பழைய போர்வை மடிப்பின் மேல் வைத்து, தையலூசி ஒன்றைத் தக்கையில் செருகிப் பிடித்துக்கொண்டு நேர் செங்குத்தாகக் குத்துங்கள். சாய்த்துக் குத்தினால் மேல்பக்கம் ஓரிடத்திலும் கீழ்ப்பக்கம் வேறிடத்திலும் துளை விழும். வெள்ளை நூல் பாவிப்பதால் மட்டை நீலமாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால் கண்ணுக்குச் சுகம். மட்டை கிழியாமலிருக்க மேலே பளபளப்பான ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். விறாந்தை வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் பிள்ளைகளுக்குத் துளையே தெரியாது, தலைவலிதான் வரும்.

மட்டையின் தலையில் நாலு விசயம் எழுதுங்கள்: எத்தனை சோடி, எந்த நூல், எங்கே தொடங்குவது, என்ன திகதி. இப்போது தேவையில்லாததுபோல இருக்கும். ஆறு மாதம் கழித்து அலுமாரியிலிருந்து எடுக்கும்போது அந்த நாலு வரிதான் கைகொடுக்கும்.

நூல் கணக்கு இதுதான். பழகுகிற கைக்குத் தடித்த நூல் வேண்டும், 10ஆம் இலக்கக் குரோசே பருத்தி நூல் எடுங்கள். குரோசே நூலில் இலக்கம் கூடக் கூட நூல் மெலியும். நிற்கும் கட்டை ஒன்றுக்கு அரை மீற்றர், ஆகவே சோடிக்கு 1 மீற்றர். ஓடும் கட்டைக்கு அது போதாது. 5 மில்லிமீற்றர் நாடா வளர அது போய்த் திரும்ப வேண்டும், அதாவது 3 சென்ரிமீற்றர் நூல். 20 சென்ரிமீற்றருக்கு 120 சென்ரிமீற்றர். இறுக்கத்துக்கும் கட்டையில் மிஞ்சவேண்டியதற்கும் சேர்த்து 2 மீற்றர் சுற்றுங்கள், சோடிக்கு 4 மீற்றர். ஒரு பிள்ளைக்கு மொத்தம் 10 மீற்றர். எட்டுப் பிள்ளைக்கும் உங்களுக்கும் 90 மீற்றர். அறுபடுவதற்கும் தொலைவதற்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்குங்கள்.

ஒரு சோடியை இரண்டு துண்டு நூலாக வெட்டி முடிச்சுப் போடாதீர்கள். ஒரே நூலின் இரண்டு தலைப்பையும் இரண்டு கட்டையில் சுற்றிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்துங்கள், அந்த நடுவை ஊசியில் மாட்டினால் தொடக்கத்தில் முடிச்சே இருக்காது. எல்லாக் கட்டையிலும் ஒரே திசையில் சுற்றுங்கள்.

கட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கடைசல் பட்டறையில் கடைந்து எடுத்தால் வடிவாக இருக்கும், அது பிறகு. சீவாத பென்சிலைப் பாதியாக வெட்டி, தலையிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் கீழே கத்தியால் சுற்றிவரத் தவாளித்து, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். நூல் பிடிக்கும் இடத்தில் ஒரு சிலாம்பு கூட இருக்கக்கூடாது. ஒன்பது பேருக்கு 126 கட்டை, 63 பென்சில். ஓடும் சோடியின் தலைக்கு மட்டும் சிவப்புக் கியூட்டெக்ஸ் பூசுங்கள். இந்தச் சின்ன வேலை முதல் வகுப்பில் பாதிக் குழப்பத்தைக் குறைக்கும். "சிவப்பு எங்கே நிற்கிறது?" என்று கேட்டால் பிள்ளை தானே பிழையைக் கண்டுபிடிக்கும்.

மட்டையை வைத்து ஊசி குத்தும் திண்டுக்கு வழி இரண்டு. ஒன்று, வைக்கோல். அறுவடை முடிந்த காலத்தில் அக்கரைப்பற்றில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. விரல்நீளத்துக்கு நறுக்கி, காயவைத்து, கட்டித் துணிப்பைக்குள் உலக்கைப் பிடியால் இடித்து இடித்து அடையுங்கள். தட்டினால் பலகைபோலச் சத்தம் வர வேண்டும். இலவம்பஞ்சு உதவாது, ஊசி ஆடும். இரண்டாவது, மீன் பெட்டிக்குப் பாவிக்கும் ரெஜிஃபோம். பாவித்த பெட்டி வேண்டாம், மணம் நூலில் ஏறும். புதுப் பெட்டியின் மூடி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் தடிப்பு வந்துவிடும். ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசையோ மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையோதான் சரி. சப்பாத்து ஒட்டும் பசை ரெஜிஃபோமைக் கரைத்துக் குழியாக்கிவிடும். மேலே பழைய பருத்திச் சாரனை இழுத்துக் கட்டுங்கள். வழுக்கும் துணியானால் கட்டைகள் ஒரு பக்கம் உருண்டுகொண்டே இருக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எல்லாம் ஆயத்தமானதும் எட்டு மட்டையையும் குத்தத் தொடங்காதீர்கள். ஒரே ஒரு மட்டை குத்தி, பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் அதே நூலில், அதே பென்சில் கட்டையில், அதே திண்டில் 5 சென்ரிமீற்றராவது நீங்கள் பின்னிப் பாருங்கள். உங்கள் நல்ல கட்டையில் பின்னிப் பார்த்தது கணக்கில் இல்லை. நான் ஒரு முறை இதைச் செய்யவில்லை. பழைய மாதிரி ஒன்றை நம்பி ஒரே இரவில் பதினொரு மட்டை குத்தினேன். ஒரு துளை விடுபட்டிருந்தது. அடுத்த நாள் பதினொரு பிள்ளைகளும் ஒரே இடத்தில் ஒரே பிழையோடு நின்றார்கள். ஒவ்வொருவரும் தன் கைதான் பிழை என்று நினைத்து அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினார்கள். அதில் ஒரு பிள்ளை பிறகு வரவேயில்லை. அவளுடைய கை நல்ல கை. இன்றைக்கும் அது என் மனதில் கிடக்கிறது.

சோடி சுற்றுவது ஒன்றுக்கு மூன்று நிமிடமாவது எடுக்கும். பிள்ளைகளின் 56 சோடிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதை முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் விடாதீர்கள். சுற்றுவதிலேயே நேரம் போய்விட்டால் ரேந்தை என்பது நூல் சிக்கெடுக்கும் வேலை என்று நினைத்துவிடுவார்கள். நீங்களே சுற்றி, மட்டையைத் திண்டில் பொருத்தி, சோடிகளை மாட்டி, முதல் இரண்டு வரியையும் பின்னி வையுங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் மூன்றாம் வரி. இரண்டாவது துண்டு தொடங்கும்போது சுற்றவும் மாட்டவும் அவர்களே பழகட்டும்.

குண்டூசி பிள்ளைக்கு 50 போதும். துளை மொத்தம் 80 வரும், ஆனால் நாடா வளர வளரப் பின்னால் உள்ள ஊசியை எடுத்து முன்னால் குத்தலாம். எந்த ஊசி என்பதைக் கீழே கல்குடா வாசகிக்கு எழுதிய பதிலில் பாருங்கள். கச்சான் காற்றுக் காலமென்றால் விறாந்தையில் மண் பறக்கும், ஒவ்வொரு திண்டுக்கும் மூடிவைக்க ஒரு துணி தயார் பண்ணுங்கள்.

எங்கள் வாப்பா கைத்தறி நெய்கிறவர். சாரி முடிந்த பிறகு மிஞ்சும் நூல் நிறைய இருக்கிறது. அதைப் பீரலு வகுப்புக்குப் பாவிக்கலாமா?
— வாசகி, மருதமுனை

பாவிக்கலாம் மகள், ஆனால் பொறுக்கி எடுக்க வேண்டும். தறிநூலில் ஒற்றைப் புரியும் உண்டு, இரட்டைப் புரியும் உண்டு. 2/60 என்று எழுதியிருந்தால் 60ஆம் இலக்க நூல் இரண்டை ஒன்றாக முறுக்கியது. அப்படி முறுக்கிய நூல்தான் எங்களுக்கு வேண்டும். பீரலுவில் கட்டை தொங்கும்போது நூல் தானாகச் சுழலும். ஒற்றைப் புரி நூல் அந்தச் சுழற்சியில் முறுக்கவிழ்ந்து, பஞ்சாகி, கையோடு வந்துவிடும். ஒரு சாண் நூலில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டுச் சுற்றிவிடுங்கள், ஒரு நிமிடம் தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கினால் நல்லது.

பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். அது விறைப்பாக நின்று பின்னலை இறுக்கவிடாது. சுடுநீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் காயவைத்து எடுங்கள். சாய நூலானால் வெள்ளைத் துணியோடு சேர்த்து ஈரமாக அழுத்திப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டு வராதீர்கள்.

தறிநூல் மெல்லியது, முதல் துண்டுக்கு உதவாது. ஆனால் மருதமுனைச் சாரி ஒன்றின் முந்தானைக்கு அதே தறியில் மிஞ்சிய நூலில் ரேந்தை பின்னித் தைத்தால், நிறம் கடையில் தேடினாலும் கிடைக்காத அளவுக்குப் பொருந்தும். வாப்பாவிடம் சொல்லி நூலை நிறவாரியாகச் சுற்றி வையுங்கள். இதை நீங்கள் செய்து முடித்தால் ஒரு படம் அனுப்புங்கள், எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

தொலைபேசியில் வந்த டோர்ஷன் ரேந்தை (சதுரக் கோட்டுப் புள்ளிகளில் பின்னும் வகை) மாதிரி ஒன்றைக் கடையில் அச்செடுத்துப் பின்னினேன். படத்தில் இருந்தது போல வரவில்லை. எல்லாம் நெருக்கி, கட்டியாக, மட்டையிலிருந்து எழும்பி நிற்கிறது. என் கை இறுக்கமா?
— வாசகி, ஏறாவூர்

உங்கள் கையைக் குறை சொல்லமாட்டேன். கடைக் கணினியில் பக்கத்துக்குப் பொருத்தி அச்செடுத்தால் மாதிரி தானாகவே சுருங்கும். போட்டோக் கொப்பியின் கொப்பியை மறுபடி கொப்பி எடுத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், சில மெஷினில் நீளப்பக்கம் மட்டும் இழுபடும். எனக்கும் ஒரு கடையில் அப்படி நடந்து, பன்னிரண்டு மட்டை வீணாய்ப் போனது. அதற்குப் பிறகு எந்த மாதிரியாக இருந்தாலும் ஓரத்தில் 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு நிமிர்த்தியும் ஒரு கோடு படுக்கவைத்தும் கீறிவிட்டுத்தான் கொடுப்பேன். கொப்பி வந்ததும் அடிமட்டத்தை வைத்து இரண்டையும் அளந்தால் கடையிலேயே தெரிந்துவிடும்.

சரி, அளவு பிழையில்லாமல் இருந்தாலும் நூல் பொருந்தாவிட்டால் இதே கோலம்தான். அதற்கு நான் செய்வது இது. நூலை அடிமட்டத்தின் மேல் ஒன்றோடொன்று தொட்டபடி, ஏறாமல் சுற்றுங்கள். ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். டோர்ஷன் மாதிரியில் துணியோடு தைக்கும் நேர்க்கரையில் அடுத்தடுத்த இரண்டு ஊசிக்கு இடையில் 12 சுற்று அகலம் இருந்தால் பின்னல் அளவாக வரும். உங்கள் நூல் சென்ரிமீற்றருக்கு 20 சுற்று என்று வையுங்கள். 12 சுற்று என்பது 6 மில்லிமீற்றர். மாதிரியில் ஊசி இடைவெளி 5 மில்லிமீற்றராக இருந்தால் இரண்டு வழி உண்டு: மெல்லிய நூல் எடுக்கலாம், அல்லது மாதிரியை 120 வீதமாகப் பெருப்பித்துக் கொப்பி எடுக்கலாம். சென்ரிமீற்றருக்கு 24 சுற்று வருகிற நூலானால் உங்கள் 5 மில்லிமீற்றர் மாதிரி அப்படியே பொருந்தும்.

தையல் மெஷின் நூலின் 40ஐயும் குரோசே நூலின் 40ஐயும் ஒன்றாக நினைக்காதீர்கள். இலக்கம் ஒன்று, கணக்கு வேறு. ஆகவே இலக்கத்தை நம்பாமல் சுற்றிப் பார்த்து எண்ணுங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம் என்றால், டோர்ஷன் மாதிரியை அச்செடுக்கவே தேவையில்லை. சதுரக் கோட்டுக் கடதாசியில் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு வைப்பதுபோல ஒரு வரியில் ஒன்று விட்டு ஒன்று, அடுத்த வரியில் அவற்றின் நடுவில் என்று புள்ளி வையுங்கள். புள்ளிகள் 45 பாகைச் சாய்வில் வரிசைகட்டும். அந்தச் சாய்வு வரிசைதான் சோடிகள் நடக்கும் பாதை. பூவும் சிலந்தியும் விசிறியும் அந்தப் புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். ஒரு பின்னேரம் உட்கார்ந்து நீங்களே ஒன்றைப் புள்ளி வைத்தால், அதன்பிறகு எந்த மாதிரியைப் பார்த்தாலும் அது எப்படிப் போகிறது என்று கண்ணே சொல்லும்.

மாரியில் பின்னி ஊசியோடு விட்ட ரேந்தையில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. போக்க வழி உண்டா?
— வாசகி, கல்குடா

கடலும் மழையும் இருக்கும் இடத்தில் சாதாரணக் குண்டூசி இரண்டு நாள் தாங்காது. அது இரும்பு, மேலே பூச்சு மட்டும்தான். பூச்சுப் போன இடத்தில் துரு, துரு பட்ட இடத்தில் புள்ளி.

கறைக்கு: தேசிக்காய்ப் புளியும் உப்பும் கலந்து புள்ளியில் வைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் விட்டு, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்தைத் தொடவே வேண்டாம், அது துருக்கறையை இன்னும் இறுக்கிப் பிடிக்கவைக்கும், நூலையும் தின்னும்.

ஊசிக்கு: பித்தளை ஊசி தேடி வாங்குங்கள். வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கைப்பையில் கொண்டு போங்கள். பித்தளையைக் காந்தம் இழுக்காது. துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்லித் தந்தால் காந்தத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதில் நாலைந்து ஊசியை உப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியில் குத்தி ஓர் இரவு விடுங்கள். விடிய எழும்பித் துணியைப் பார்த்தால் கடைக்காரர் சொன்னது உண்மையா என்று தெரிந்துவிடும். வகுப்புக்கு 400 ஊசி வாங்கப்போகும் அக்கரைப்பற்றுத் தங்கச்சியும் இதைச் செய்துவிட்டு வாங்கட்டும்.

முடித்த ரேந்தையைக் கஞ்சி போட்டு நீண்டநாள் வைக்காதீர்கள். கஞ்சிக்குப் பூச்சி வரும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கழுவி, கஞ்சியில்லாமல், வெள்ளைத் துணியில் சுருட்டி வையுங்கள். பொலித்தீன் பைக்குள் அடைத்தால் ஈரம் வெளியே போக வழியிருக்காது.

ரேந்தை என்பது தமிழ்ச் சொல்லா? வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?
— ஆசிரியை ஒருவர், மட்டக்களப்பு நகர்

போர்த்துக்கேயச் சொல், 'ரெண்டா'. அவர்கள் கொண்டுவந்து எங்கள் வாயில் விட்டுப்போன சொற்கள் அலுமாரி, மேசை, சப்பாத்து, லேஞ்சி என்று வீடு முழுக்கக் கிடக்கின்றன. பீரலு என்ற சொல்லும் அவர்களின் 'பில்ரோ'விலிருந்து வந்தது, ரேந்தை பின்னும் கட்டைக்கு அதுதான் பெயர். சிங்களத்தில் குண்டூசிக்கு அல்பெனெத்திய என்பார்கள், அதுவும் போர்த்துக்கேய 'அல்ஃபினேத்தே'தான். நூலைச் சுற்றும் கட்டை, குத்தும் ஊசி, வரும் ரேந்தை மூன்றுக்கும் பெயர் ஒரே கப்பலில் வந்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கண் விரியும்.

பிறகு அவர்களைப் புளியந்தீவுக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். கட்டையும் ஊசியும் வைத்துப் பின்னும் ரேந்தை ஐரோப்பாவிலேயே 16ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. ஆகவே இந்தத் தீவுக்கு அது வந்தபோது அங்கேயும் அது புதுக் கலைதான். இங்கே அது வேர்பிடித்து நின்றது காலி, வெலிகமப் பக்கத்துக் கரையில். அங்கே திண்டுக்குப் பதிலாக மரப்பெட்டியில் சுழலும் உருளை வைத்துப் பின்னுவார்கள், அதில் மட்டையைச் சுற்றிவிட்டால் முடிவில்லாமல் போகலாம், நீள ரேந்தைக்கு அதைப்போல வசதி வேறில்லை.

எங்கள் பக்கத்து வீடு பறங்கியர் வீடு. அந்த வீட்டு ஆச்சி தனக்குள் பேசிக்கொள்வது அவர்களின் போர்த்துக்கேய மொழியில், என்னோடு பேசுவது மட்டக்களப்புத் தமிழில். கிறிஸ்மசுக்குத் தலகணி உறை மாற்றும்போது ஓரத்து ரேந்தையைத் தடவிப் பார்க்க என்னை விடுவார். "கழுவின கையா மனே?" என்று கேட்டுவிட்டுத்தான் விடுவார். நானும் வகுப்பு தொடங்கு முன் அதே கேள்வியைத்தான் கேட்பேன். ஒரு பேசினில் தண்ணீர், சவர்க்காரம், துவாய் மூன்றும் விறாந்தைப் படியில் இருக்கும். ஆயத்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமி சொல்கிறா, மெஷின் ரேந்தை கடையில் யார்க் கணக்கில் கிடைக்கும்போது இது எதற்கு என்று. என்ன பதில் சொல்ல?
— வாசகி, களுவாஞ்சிகுடி

மாமியோடு வாதாடாதீர்கள். இரண்டு அங்குலம் பின்னி மாமியின் கையில் கொடுங்கள், பக்கத்தில் கடை ரேந்தையையும் வையுங்கள். கடை ரேந்தையைப் பருத்தி என்று சொல்லி வாங்கியிருந்தாலும் ஓரத்து நூல் ஒன்றை எரித்துப் பாருங்கள். உருகி உருண்டையானால் அது நைலோன் வகை. பருத்தி சாம்பலாகும். அதற்குப் பிறகும் மாமிக்குக் கடை ரேந்தைதான் பிடிக்கிறதென்றால் விடுங்கள், பாவாடை ஓரத்துக்கு அது போதும்தான். பேரப்பிள்ளையின் முதல் சட்டைக்கு நீங்கள் பின்னுங்கள்.

நானே புள்ளி வைத்து ஒரு மாதிரி தயாரித்திருக்கிறேன். பத்துப் பேர் கொண்ட வகுப்புக்குப் பாவிக்க முன் ஒரு முறை பார்த்துச் சொல்வீர்களா? மட்டையையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.
— வாசகி, திருக்கோவில்

பார்த்தேன், பின்னியும் பார்த்தேன். விசிறி வடிவாக வந்திருக்கிறது. சிலந்தியின் கால்களுக்கு இரண்டு முறுக்குப் போட்டால் இன்னும் நிமிர்ந்து நிற்கும். நேர்க்கரைக்கு மறுபக்கத்துப் பூக்கரையில் மூன்றாவது விசிறி முடிகிற இடத்தில், ஒன்பதாம் வரியில், ஒரு துளை இல்லை. புள்ளி வைத்திருக்கிறீர்கள், குத்த மறந்துவிட்டீர்கள். அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, நான் பின்னிய துண்டையும் மட்டையோடு ஊசியால் குத்தித் தபாலில் போட்டிருக்கிறேன். பித்தளை ஊசிதான். கிடைத்ததும் அந்த ஒரு துளையைக் குத்திவிட்டு மற்ற ஒன்பது மட்டையையும் தொடங்குங்கள்.